வெயில் தின்ற அந்திவானம்

காகிதச் சீரமைப்பு என் தொழில். கூடத்தில் ஜன்னலுக்கு எதிரே பல வருடம் மாட்டியிருந்த ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். ஓவியர் ஹிரோஷிகே 1830களில் செய்த, கனஸாவா என்ற கடலோர இடத்தின் எட்டுக் காட்சிகளில் ஒன்று: நொஜிமாவில் அந்தி. கடல், படகுகள், கூடவே வாக்கா எனப்படும் 31 அசைக் கவிதை.

"பேருதான் அந்தி. அந்தியவே காணோமே சார்" என்றார். வானம் பழுப்புக் காகிதமாகக் கிடந்தது. ஃபிரேமைக் கழற்றினேன். ஓரத்தை மறைத்திருந்த மவுண்ட் அட்டைக்கு அடியில், விரல் அகலத்துக்கு இளஞ்சிவப்பு அப்படியே இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்த அச்சுகளில் எண்ணெய் மை கிடையாது. நீரில் கரைத்த சாயத்தைக் கட்டையில் தடவி, அந்திவானத்துக்காக ஒவ்வொரு தாளுக்கும் கையாலேயே துடைத்து மெல்ல மங்கவைப்பார்கள். சாயம் அவ்வளவு மெல்லியது. அந்தக் காலச் சிவப்பு பெரும்பாலும் குசும்பாப் பூவிலிருந்து வந்தது. வெளிச்சம் பட்டால் நிற்காது. கவிதை புகைக்கரி மை, அது அசையாது. கடலும் தப்பித்தது, 1830 வாக்கில் பரவலான பிரஷ்யன் நீலம் என்ற செயற்கை நிறமியால். அதற்கு முந்தைய அச்சுகளில் நம் கானாவாழைக்கு உறவான பூவின் நீலமும் உண்டு. அது வெளுத்து, கடல் வைக்கோல் நிறமாகிவிடும். வரைந்ததே அப்படித்தான் என்று நினைக்கிறவர்கள் நிறைய.

"சாயம் திரும்ப ஏத்த முடியாதா?" முடியாது. ஏற்றினால் அது என் ஓவியம், ஹிரோஷிகேயுடையது அல்ல.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் போதும் என்று கடையில் சொல்வார்கள். போதாது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே சாயத்தைத் தின்னும். அருங்காட்சியகங்களில் இவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற மங்கலான வெளிச்சம்தான் வைப்பார்கள், அதுவும் சில மாதங்களுக்கு. வீட்டிலும் அப்படியே: ஜன்னல் பார்க்காத சுவரில் கொஞ்ச நாள், அப்புறம் அமிலமற்ற தாளில் வைத்து இழுப்பறைக்குள். செல்லோடேப் வேண்டாம். ஃபிரேமுக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டாதீர்கள், பதிப்பாளர் முத்திரை அங்கே இருக்கக்கூடும். லேமினேஷன் செய்து கொண்டுவருகிறவர்களிடம் எனக்குப் பேச்சே வராது.

அந்த இளஞ்சிவப்பு ஓரம் வெளியே தெரிகிற மாதிரி மாட்டித் தர முடியுமா என்று கேட்டார். அதையும் வெயிலுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு படம் எடுத்து, அதை ஃபிரேம் போட்டுக் கொடுத்தேன். அசல் இப்போது அவர் அலமாரியில் இருக்கிறது.