கண்ணுக்கும் மணிக்கூட்டுக்கும் நடுவே 75 மில்லிமீற்றர்

கொழும்பு புறக்கோட்டையில் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டிப் போனால், ஒரு சந்துக்குள் ஒற்றை மேசை, ஒற்றை விளக்குடன் மணிக்கூடு திருத்தும் ஐயா ஒருவர் இருக்கிறார். அப்பாவின் பழைய சீக்கோ 5 கைமணிக்கூட்டை அவரிடம்தான் கொடுப்பேன். ஒருநாள், "ஐயா, நானும் ஒரு லூப் வாங்கப்போறேன். எத்தனை எக்ஸ் எடுக்கிறது நல்லது?" என்று கேட்டேன். கண்ணில் மாட்டியிருந்த லூப்பை, அதாவது அந்தச் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை, கழற்றாமலே அவர் திருப்பிக் கேட்டார்: "எதுக்குத் தம்பி? கழட்டிப் பூட்டவா, சும்மா பார்க்கவா, படம் எடுக்கவா?"

மூன்று வேலைக்கும் ஒரே கண்ணாடி சரிவராது என்று அன்றுதான் தெரிந்தது. காரணம் தேடிப் போனபோது, பள்ளிக்கூடத்தில் படித்த வில்லைப் பாடம் திரும்ப வந்தது.

மனிதக் கண் சிரமமில்லாமல் தெளிவாகப் பார்க்கும் கிட்டிய தூரத்தை ஒளியியலில் 250 மி.மீ. என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தூரத்தில் நல்ல கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு சுமார் 0.07 மி.மீ. மணிக்கூட்டுக்குள் இங்குமங்கும் ஆடி நேரத்தை ஒழுங்காக்கும் பலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனையே 0.1 மி.மீ. அளவுதான். அது தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணை இன்னும் கிட்டக் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோனால் மங்கிவிடும். வயது நாற்பதைத் தாண்டினால் அந்தக் கிட்டிய தூரமே விலகிக்கொண்டு போகும். லூப் செய்வது ஒரே வேலைதான்: கிட்டக் கொண்டுவந்த பொருள் மங்காமல் தெரிய வழிசெய்கிறது. ஆகவே கணக்கும் எளிது. 250ஐ வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம், அதைத்தான் எக்ஸ் என்கிறார்கள். பொருளை வில்லையிலிருந்து வைக்கும் தூரமும் ஏறக்குறைய அந்தக் குவியத்தூரம்தான். 10 எக்ஸ் என்றால் 25 மி.மீ., 3.3 எக்ஸ் என்றால் 75 மி.மீ. மணிக்கூட்டுக்காரர்களின் பழைய லூப்களில் 3, 4 என்று இலக்கம் மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது அங்குலத்தில் சொன்ன தூரம். 3 அங்குலக் கண்ணாடியை 3 எக்ஸ் என்று நினைத்தால் பெரிய பிழை வராது. 2 அங்குலத்தை 2 எக்ஸ் என்று நினைத்து வாங்கினால் கையில் வருவது 5 எக்ஸ்.

கழற்றிப் பூட்டுபவருக்கு உருப்பெருக்கத்தைவிட இந்தத் தூரம்தான் முக்கியம். 75 மி.மீ. இடைவெளியில் சாவணமும் ஸ்குரூ ட்ரைவரும் தாராளமாகப் போய்வரும், மேசை விளக்கின் வெளிச்சமும் உள்ளே விழும். 25 மி.மீ. என்றால் மூக்கே மணிக்கூட்டில் முட்டும், சொந்தத் தலையின் நிழல் வேலையை மூடும். இன்னொரு இழப்பும் உண்டு. ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம், குவியத்தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 3.3இலிருந்து 10க்குப் போனால் பெருக்கம் மூன்று மடங்கு, ஆழமோ ஒன்பதில் ஒரு பங்கு. அதனால்தான் ஐயா நாள் முழுக்க 3.3இல் உட்கார்ந்திருக்கிறார். 10 எக்ஸை எடுப்பது எண்ணெய் பார்க்கவும் அச்சு முனை பார்க்கவும் மட்டும்.

செட்டியார் தெருவில் இரத்தினக்கல் பார்ப்பவர்கள் 10 எக்ஸை நம்புவதற்கும் இதே கணக்குத்தான் காரணம்: அவர்களுக்கு உள்ளே ஆயுதம் விட வேண்டியதில்லை. மணிக்கூட்டின் அச்சு சுழலும் சிவப்புக் கல்லும் இரத்தினபுரி மாணிக்கமும் ஒரே கனிமம், குருந்தம். 1902இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் வெர்னொய் வெளியிட்ட முறையில் தீச்சுவாலையில் வளர்த்த கல்லென்றால், 10 எக்ஸில் சில வேளை வளைந்த வளர்ச்சிக் கோடுகள் தெரியும். இயற்கைக் கல்லில் அவை நேர்கோடுகள்.

கடையில் 30 எக்ஸ் என்று பொறித்த மலிவுக் கண்ணாடிகள் கிடைக்கும். அப்படியே சோதித்துப் பார்க்கலாம். தூரத்து ஜன்னலின் உருவத்தை லூப் வழியே ஒரு வெள்ளைத் தாளில் விழவிட்டு, தெளிவாக விழும்போது வில்லைக்கும் தாளுக்கும் இடையே அடிமட்டத்தை வையுங்கள். உண்மையான 30 எக்ஸ் என்றால் அந்தத் தூரம் 8 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். 20 மி.மீ. வந்தால் அது 12 எக்ஸ்தான். அடுத்து, மில்லிமீற்றர் வரைபுத்தாளைப் பாருங்கள். ஓரத்தில் கோடுகள் வளைந்தாலோ, கறுப்புக் கோட்டுக்கு நீலமும் மஞ்சளும் கரை கட்டினாலோ, அது ஒற்றை வில்லை. ஒற்றைக் கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு இடத்தில் குவிக்கும். அதைச் சரிக்கட்டத்தான் இரண்டு வகைக் கண்ணாடியில் செய்த வில்லைகளை ஒட்டுகிறார்கள். 3 எக்ஸுக்கு ஒற்றை போதும். 10 எக்ஸ் வாங்குவதாக இருந்தால் மூன்று வில்லை ஒட்டியதற்கே காசு கொடுங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

கொழும்பு வெக்கையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண்குழியில் இறுக்கிப் பிடிக்கும் லூப்புக்குள் வியர்வை ஆவி படிந்து இரண்டு நிமிடத்தில் பனி கட்டிவிடும். பக்கத்தில் காற்றுத் துளை உள்ளதைப் பார்த்து எடுங்கள். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பையுடன் மூடி வையுங்கள்; இந்த ஈரப்பதத்தில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

படம் எடுக்கும்போது தேர்வு தலைகீழாகும். லூப்பை போன் கமராவோடு ஒட்டி வைத்தால், உணரியில் விழும் உருவத்தின் அளவு கமராவின் குவியத்தூரத்தை லூப்பின் குவியத்தூரத்தால் வகுத்தது. போனின் பிரதான வில்லை 6 மி.மீ. என்று வைத்தால், 75 மி.மீ. லூப்பில் பொருளின் பன்னிரண்டில் ஒரு பங்கு, 25 மி.மீ. லூப்பில் ஏறக்குறைய கால் பங்கு. கண்ணுக்கு வசதியான 3.3 எக்ஸ் இங்கே பெரிதாக ஒன்றும் சேர்க்காது. 10 எக்ஸ்தான் வேண்டும். கிட்டப் போனதும் சில போன்கள் தானாகவே வேறு வில்லைக்குத் தாவும், அதை அணைத்துவிடுங்கள். ஆழம் குறைவு என்பதால் ஃபோகஸை மேலிருந்து கீழாக நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். மணிக்கு 21,600 தடவை அடிக்கும் பலன்ஸ் சக்கரம் நொடிக்கு ஆறு முறை திசை மாறுகிறது, படத்துக்குப் படம் வேறு இடத்தில் நிற்கும். முறுக்கு இறங்கி மணிக்கூடு தானாக நிற்கும் வரை நான் காத்திருந்தேன்.

வெளிச்சத்தை மேலிருந்து விட்டபோது அப்பாவின் சீக்கோவின் பின்மூடி உட்புறம் வெறும் பளபளப்பாகத்தான் இருந்தது. விளக்கைக் கிடையாகச் சாய்த்ததும் வழவழப்பான பரப்பில் பட்ட ஒளி எல்லாம் எதிர்ப்பக்கம் போய்விட, கீறலின் விளிம்புகள் மட்டும் ஒளியைக் கமராவுக்குத் திருப்பிவிட்டன. கறுப்புப் பின்னணியில், யாரோ ஒரு திருத்துநர் ஊசியால் கீறிய இரண்டு எழுத்தும், அதன் கீழே 1991ம்.