சுனை நீரைக் குடிக்கலாமா?

வெள்ளியங்கிரி மலை ஏறுகிறவர்களில் பலர், சுமையைக் குறைப்பதற்காக ஒரே ஒரு பாட்டிலோடு புறப்பட்டு, வழியில் பாம்பாட்டிச் சுனையிலும் கைதட்டிச் சுனையிலும் அதை நிரப்பிக்கொள்கிறார்கள். பாறை இடுக்கிலிருந்து வரும் நீர் பளிங்குபோல் தெளிந்திருப்பதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் குடலைத் தாக்கும் ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணியின் ஒரு கூடு (ஓடு மூடிய அதன் உறங்கு நிலை), மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். அத்தகைய பத்துக் கூடுகள் வயிற்றுக்குள் போனாலே நோய் வரக்கூடும். தெளிவைப் பார்த்து எடுக்கும் முடிவு, ஆகவே, முடிவே அல்ல.

பார்க்க வேண்டியது நீர் வந்த வழியை. மண்ணுக்குள் ஊறி, பாறையிலிருந்து வெளிப்படும் ஊற்றுவாயில் நீர் பெரும்பாலும் தூய்மையாக இருக்கும். அதே நீர் தேங்கிய குழியில் ஆயிரம் பேர் கைகால் கழுவியிருப்பார்கள். எனவே தேக்கத்தில் மொள்ளாமல், விழும் தாரையிலேயே பாட்டிலைப் பிடிப்பது நல்லது. மேற்சரிவில் மனிதர் மலம் கழிக்கும் இடமோ, மாடு மேயும் இடமோ இருந்தால் ஓடை நீரை நம்பக் கூடாது. நெடுங்கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழை, சரிவில் கிடக்கும் அத்தனையையும் ஓடைக்குள் வாரிக் கொட்டுவதால், அந்த நாட்களில் இரட்டிப்புக் கவனம் தேவை. வால்பாறை போன்ற இடங்களில் தேயிலைத் தோட்டத்தின் வழியே இறங்கும் நீரில் பூச்சிக்கொல்லி கலந்திருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அது போகாது என்பதால், அந்த நீரைத் தவிர்த்துவிடுவதே சரி.

சுத்திகரிக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டை உண்டு. மலையேறுவோர் கொண்டுபோகும் நுண்குழல் வடிகட்டியின் துளை 0.1 முதல் 0.2 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), டைஃபாய்டு, காலரா பாக்டீரியாக்களும் ஒட்டுண்ணிக் கூடுகளும் அதில் நின்றுவிடும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸோ ஏறக்குறைய 0.03 மைக்ரோமீட்டர்தான் என்பதால் தடையின்றி நுழைந்துவிடும். குளோரின் மாத்திரை இதற்கு நேர்மாறானது: வைரஸையும் பாக்டீரியாவையும் அரை மணி நேரத்தில் அழித்தாலும், 4 முதல் 6 மைக்ரோமீட்டர் அளவுள்ள கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியின் தடித்த ஓட்டை அந்த மாத்திரையால் துளைக்க முடிவதில்லை. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வடிகட்டும் பிரிவு சரிவர இயங்காதபோது, குளோரின் கலந்த குழாய் நீரைக் குடித்தே ஏறத்தாழ 4 லட்சம் பேர் நோயுற்றார்கள். ஒன்று விடுவதை மற்றொன்று பிடிக்கிறது. ஆகவே முதலில் வடிகட்டி, பிறகு மாத்திரை போடுவது என்னும் வரிசையையே நான் பரிந்துரைப்பேன். கலங்கிய நீரில் உள்ள மண்ணும் சருகுத்துகளும் குளோரினைத் தின்றுவிடும் என்பதும், குளிர்ந்த நீரில் அது மெதுவாகவே வேலை செய்யும் என்பதும் இந்த வரிசைக்கும் பொறுமைக்கும் காரணங்கள்.

ஓட்டை ஏதுமின்றி மூன்று வகை உயிரிகளையும் கொல்வது கொதிக்க வைத்தல். லடாக்கின் லே நகரின் 3,500 மீட்டர் உயரத்தில் நீர் 88 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறதே, அது போதுமா என்று சிலர் அஞ்சுகிறார்கள். போதும், 70 டிகிரியைத் தாண்டிய சூட்டில் இவ்வுயிரிகள் விரைவாக மடிகின்றன. தளதளவென்று ஒரு நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடமும் கொதித்தால் அச்சமின்றிக் குடிக்கலாம். ஆனால் கோடையில் காட்டுக்குள் அடுப்பு மூட்டுவது காட்டுத்தீக்கு வழிவகுக்கும் என்பதால், நம் மலைகளில் இதைப் பெரும்பாலும் புறப்படும் முன் வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கையில் வடிகட்டியோ மாத்திரையோ இல்லாமல், வெயிலில் தலை சுற்றி, சிறுநீர் கருமஞ்சளாகி நிற்கும் ஒருவருக்கு முன்னே ஓர் ஊற்று இருந்தால் என்ன செய்வது? குடிக்க வேண்டும். நீரிழப்பும் வெப்பத் தாக்கும் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவை. வயிற்றுப்போக்கு பெரும்பாலும் பிறகுதான் வரும், அதற்கு உப்பு சர்க்கரைக் கரைசலும் மருத்துவமும் உண்டு. ஜியார்டியா தாக்கினால் அறிகுறி தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால், ஊர் திரும்பிய பின் வயிறு கெட்டால், எந்த மலையில், எந்த நாளில், எந்த நீரைக் குடித்தோம் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.