ஃபூஹ்யோ ஹிகாய்: பெயர்க்கேட்டு இழப்பு

அணு உலை விபத்துகளைப் பற்றிய ஜப்பானியச் செய்திகளில் ‘ஃபூஹ்யோ ஹிகாய்’ என்ற தொடர் தவறாமல் வரும். ‘ஃபூ’ என்பது காற்று, ‘ஹ்யோ’ என்பது ஒன்றை மதிப்பிட்டுப் பேசும் பேச்சு. இரண்டும் சேர்ந்தால் காற்றுவாக்கில் பரவும் பேச்சு என்றாகும். ‘ஹிகாய்’ என்பது ஒருவர் அடைந்த கேடு. கதிர்வீச்சு தீண்டாத பொருளையும் அது விளைந்த ஊரின் பெயருக்காகவே மக்கள் ஒதுக்கும்போது உழவரும் மீனவரும் அடையும் இழப்பை இத்தொடர் குறிக்கும்.

1954இல் பிகினித் தீவருகே அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பலில் படிந்தபோதே, நாடெங்கும் சூரை மீன் விலை சரிந்தது. 1999இல் தொக்காய்முரா அணு எரிபொருள் ஆலை விபத்துக்குப் பின் இபராக்கி மாகாண விளைபொருள்களுக்கும் அதே கதி நேர்ந்தது. 2011 ஃபுக்குஷிமா விபத்துக்குப் பிறகு அரசின் இழப்பீட்டு நெறிமுறையிலேயே இத்தொடர் இடம்பெற்றது.

இதை ‘வதந்திப் பாதிப்பு’ என்று தமிழில் சொல்லிவிடலாம்தான். ஆனால் வதந்தி என்றதுமே பேச்சு பொய் என்று தீர்ப்பாகிவிடுகிறது. 2011 அக்டோபரில் ஃபுக்குஷிமா ஆளுநர் தம் மாகாண அரிசி பாதுகாப்பானது என்று அறிவித்தார். அடுத்த மாதமே ஓனாமி பகுதி அரிசியில் அப்போதைய வரம்பான கிலோவுக்கு 500 பெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அளவைத் தாண்டிய கதிரியக்கச் சீசியம் காணப்பட்டது. அந்த நேரத்தில் வாங்கத் தயங்கிய இல்லத்தரசியை வதந்தியை நம்பியவர் என்பது, உலையை நடத்தியவரின் பொறுப்பை அவர் தலையில் சுமத்துவதாகும். ஜப்பானிலேயே இத்தொடரின்மீது இந்தக் குறை சொல்லப்படுவதுண்டு.

மறுபக்கமும் உண்டு. வரம்பு 100 பெக்கெரலாகக் குறைக்கப்பட்டு, 2012 அறுவடை முதல் மூட்டை மூட்டையாக அரிசி அளக்கப்பட்டது. 2015 விளைச்சலில் ஒரு மூட்டைகூட வரம்பைத் தாண்டவில்லை. அப்படியிருந்தும் அதில் பெரும்பங்கு, உண்பவர் கண்ணில் ஊர்ப்பெயர் படாத உணவகங்களுக்கே போனது.

இந்த இரு நிலைகளுக்கும் பொருந்துவது ‘பெயர்க்கேட்டு இழப்பு’ என்பதே. ‘பேர் கெட்டுப்போச்சு’ என்று நாம் சொல்லும்போது, கெடுத்த பேச்சு மெய்யா பொய்யா என்பதை முடிவு செய்வதில்லை. ‘அலர்’ என்ற பழஞ்சொல் அழகானதே. ஆயினும் அது காதலரைப் பற்றிய ஊர்ப்பேச்சுக்கு உரியது, அரிசிக்குப் பொருந்தாது.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும்: ஃபுக்குஷிமாவிலிருந்து இடம்பெயர்ந்த குழந்தைகளைப் பிற ஊர்ப் பள்ளிகளில் ‘கிருமி’ என்று ஏசியதற்கு இச்சொல் ஆகாது, அதற்குப் பாகுபாடு என்றே பெயர்.