பக்கத்து ஆலையில் அப்ரண்டிஸ்: சேருவது எப்படி, சேர்ப்பது எப்படி?

ஐடிஐ ஃபிட்டர் பாடத்திட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். ஆலைகளின் தேவை மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. கோவையில் பம்பும் மோட்டாரும், ஓசூரில் வாகன உதிரிபாகம், ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல், திருச்சியில் பாய்லர் சார்ந்த ஃபேப்ரிகேஷன். படித்துவிட்டு வரும் பிள்ளைக்கும் ஆலைக்குத் தேவையான கைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அடைக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அது 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். உதவித்தொகை பெற்றுக்கொண்டு ஆலையிலேயே தொழில் பழகுபவர்தான் தொழிற்பழகுநர், அதாவது அப்ரண்டிஸ். 2014-இல் சட்டத்தையும் 2019-இல் விதிகளையும் திருத்திய பிறகு, சிறு ஆலைகளுக்கும் இது எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் இன்னும் பலர் இதை ரயில்வேக்கும் பெல் போன்ற பெரிய நிறுவனங்களுக்கும் மட்டும் உரியது என்றே நினைக்கிறார்கள்.

சேர்ப்பது யாருடைய கடமை?

30 பேருக்கு மேல், அதாவது 30-ஐயும் சேர்த்து, வேலை செய்யும் எந்த நிறுவனமும் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். எத்தனை பேர் என்றால், மொத்தப் பணியாளர்களில் 2.5 சதவீதத்துக்குக் குறையாமல் 15 சதவீதத்துக்கு மிகாமல். இந்தக் கணக்கில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அடக்கம். பலர் சறுக்கும் இடம் இதுதான். நிரந்தரப் பணியாளர் 22 பேர், கான்ட்ராக்டில் 18 பேர் இருக்கும் ஒரு பம்பு ஆலையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 40. குறைந்தது ஒருவர், அதிகபட்சம் 6 பேர். "நம்மிடம் 22 பேர்தானே" என்று அந்த ஆலை சும்மா இருந்துவிட முடியாது.

இரண்டு வகைத் தொழில்கள்

ஃபிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன் போல அரசே பாடத்திட்டம் வகுத்தவை நியமிக்கப்பட்ட தொழில்கள். இரண்டாண்டு ஐடிஐ முடித்தவருக்கு அதே தொழிலில் பெரும்பாலும் ஓராண்டுப் பயிற்சி. முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதி, தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் பெறலாம். எல்லோரும் என்ஏசி என்று சொல்வது இதைத்தான்.

மற்றொன்று விருப்பத் தொழில். உள்ளூர்த் தேவைக்கு ஏற்ற கதவு இதுதான் என்பது எங்கள் கருத்து. பாடத்திட்டத்தை நிறுவனமே வகுக்கலாம். காலம் 6 மாதம் முதல் 36 மாதம் வரை. தோல் பதனிடும் ஆலைக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஐடிஐயில் அப்படி ஒரு படிப்பு பக்கத்தில் இல்லை என்றால், வேதியியல் பட்டதாரி ஒருவரை எடுத்து, மாதிரி எடுப்பது, பிஎச் பார்ப்பது, மருந்து அளவிடுவது, பதிவேடு எழுதுவது என்று பாடம் வகுத்துப் பயிற்சி தரலாம்.

ஆனால் மாணவர் தரப்பில் ஓர் எச்சரிக்கை. ஃபிட்டர் முடித்தவரை ஆறு மாத 'பேக்கிங்' விருப்பத் தொழிலில் பதிந்துவிட்டு, கடைசி வரை பெட்டி கட்ட வைக்கும் இடங்களும் உண்டு. அரசு, பொதுத்துறை வேலை அறிவிப்புகள் பலவும் கேட்பது குறிப்பிட்ட தொழிலில் என்ஏசி. ரயில்வேயில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு லெவல் 1 எனும் அடிப்படை நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடும் இருக்கிறது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் எந்தத் தொழிலின் பெயர் இருக்கிறது என்பதைப் படியுங்கள். நீங்கள் படித்த தொழிலோடு அது பொருந்தவில்லை என்றால், ஏன் என்று அங்கேயே கேளுங்கள்.

உதவித்தொகை

2019 விதிகளின்படி மாதாந்தரக் குறைந்தபட்சம் இது: 5 முதல் 9-ஆம் வகுப்பு வரை படித்தவருக்கு ரூ.5,000; பத்தாம் வகுப்புக்கு ரூ.6,000, பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஐடிஐக்கும் ரூ.7,000; டிப்ளமோவுக்கு ரூ.8,000, பட்டதாரிக்கு ரூ.9,000. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதமும் மூன்றாம் ஆண்டில் 15 சதவீதமும் கூடும். நிறுவனம் இதற்கு மேல் தரலாம், கீழே போகக் கூடாது. இந்தத் தொகையை 36 சதவீதம் உயர்த்தும்படி மத்திய தொழிற்பழகுநர் மன்றம் 2025 மே மாதத்தில் பரிந்துரைத்திருக்கிறது. எனவே ஒப்பந்தம் போடும் நாளில் எந்த விகிதம் நடப்பில் இருக்கிறது என்று அரசின் தொழிற்பழகுநர் போர்ட்டலில் பார்த்துக்கொள்வது நல்லது.

இதில் அரசின் பங்கு இரண்டு வழியாக வரும். 2016-இல் தொடங்கிய தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், அதாவது நாப்ஸில், உதவித்தொகையின் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் ரூ.1,500, பயிற்சி பெறுபவரின் கணக்குக்கே போகும். 2023 ஆகஸ்ட் முதல் இந்த நேரடி வரவு நடைமுறையில் இருக்கிறது. டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களுக்குக் கல்வி அமைச்சகத்தின் தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம், அதாவது நாட்ஸ். அதில் குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசு தரும். தென்மாநிலங்களுக்கு இதைக் கவனிப்பது சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். ஏற்கெனவே ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருந்தால் நாட்ஸில் சேர முடியாது. "ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் டிப்ளமோ மாணவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பதிவு, ஒப்பந்தம், பணம்

நாப்ஸோ நாட்ஸோ, அந்தந்தத் திட்டத்தின் போர்ட்டலில் மாணவரும் நிறுவனமும் தனித்தனியே பதிய வேண்டும். ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதிலேயே பல விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன. நிறுவனம் காலியிடத்தை அறிவித்து, ஆளைத் தேர்ந்தெடுத்ததும் ஒப்பந்தம் உருவாகும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். குறைந்தபட்ச வயது 14. ஆபத்தான தொழில்களுக்கு 18. ஒப்பந்த விவரத்தை நிறுவனம் 7 நாளுக்குள் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் உழைத்தாலும் என்ஏசி கிடைக்காது. 'டிரெய்னி' என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் மட்டும் கொடுத்தால் அது இந்தச் சட்டத்தின் கீழ் வரும் பயிற்சி ஆகாது. ஒப்பந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு மாதத் தொகையையும் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் தர வேண்டும். நிறுவனம் தன் பங்கை வங்கி வழியாகவே கொடுக்கட்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்தால் காட்ட ஆதாரம் இருக்காது, அரசின் பங்கும் சிக்கிக்கொள்ளும்.

அரசுப் பணம் வராததற்குப் பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்குதான். கேஒய்சிக்காக, அதாவது அடையாளச் சரிபார்ப்புக்காக, ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, நேரடி வரவுக்காக ஆதாரைக் கணக்கோடு இணைத்திருப்பது வேறு. இரண்டாவதைச் செய்யும்படி கிளையில் படிவம் கொடுத்துக் கேட்க வேண்டும். பள்ளியில் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காகத் தொடங்கிய பழைய கணக்கோடு ஆதார் இணைந்திருந்தால் பணம் அங்கேதான் போய் விழும். "எனக்கு வரவே இல்லை" என்பவர்கள் முதலில் அந்தப் பழைய பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் பார்க்கலாம்.

சிறு ஆலைகளும் கல்லூரிகளும்

ஒரே ஆலையில் எல்லா மெஷினும் இருக்காது. இதற்காகவே, பல முதலாளிகள் சேர்ந்து பயிற்சி தரவும், அப்ரண்டிஸை ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி அனுப்பவும் சட்டம் இடம் தருகிறது. சிட்கோ எஸ்டேட்டில் ஒருவரிடம் சிஎன்சி லேத், அடுத்தவரிடம் கிரைண்டிங், மூன்றாமவரிடம் அளவுப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது என்றால், மூவரும் சேர்ந்து ஒரு முழுப் பயிற்சியைக் கொடுத்துவிடலாம். பதிவு வேலைக்கு ஆள் இல்லாத சிறு ஆலைகளுக்கு, அந்த வேலையைச் செய்துதரும் இடைநிலை அமைப்புகள் உதவுகின்றன. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலும் அரசு ஐடிஐகளில் நடக்கும் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம்களிலும் இதற்கு வழிகாட்டுவார்கள்.

கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இப்போது இடம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர் வரையிலும் நான்காண்டுப் படிப்பில் இரண்டு முதல் நான்கு செமஸ்டர் வரையிலும் பயிற்சியைப் படிப்புக்குள்ளேயே வைக்கலாம். இயற்பியல், வேதியியல் துறைகள் பக்கத்துத் தொழிற்பேட்டைக்குப் போய், எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கேட்டுவந்து, அதற்கேற்ப எந்த செமஸ்டர் என்று முடிவு செய்ய வேண்டும். முதலில் ஒப்பந்தம் போட்டுவிட்டு அப்புறம் வேலை தேடினால் மாணவர் ஆலை அலுவலகத்தில் ஃபைல் அடுக்கத்தான் நேரும்.

உரிமைகள், புகார்

அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்ல. எனவே பிஎஃப் பிடித்தம் இல்லை. ஆனால் தொழிற்சாலைகளுக்கான உடல்நலம், பாதுகாப்பு, நலன் பற்றிய சட்ட விதிகள் இவருக்கும் பொருந்தும். பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடு தர வேண்டியது நிறுவனம். அரசு நியமிக்கும் அதிகாரியான தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது. தற்செயல் விடுப்புக்கோ மருத்துவ விடுப்புக்கோ உதவித்தொகையில் பிடிக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை எழுதியிருந்தால்தான் கட்டுப்படுத்தும். நிறுவனம் தன் கடமையைச் செய்யாததால் ஒப்பந்தம் முறிந்தால், கடைசியாகப் பெற்ற உதவித்தொகையைப் போல மூன்று மாதத் தொகையை இழப்பீடாகக் கேட்கலாம்.

தகராறு வந்தால் எழுத்தில் ஆலோசகரிடம் கொடுங்கள். அவர் முடிவில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் தொழிற்பழகுநர் மன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பொதுவாகத் தனியார் ஆலைக்கு மாநில ஆலோசகர். அந்த நிறுவனம் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கினால் மத்திய ஆலோசகர். மனுவோடு ஒப்பந்த நகல், வருகைப் பதிவு, வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் இணையுங்கள்.