ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்: மீளமைப்பா, மறுகட்டமைப்பா?

அமெரிக்க வரலாற்றில் 1865 முதல் 1877 வரையிலான காலத்தை ‘ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்பார்கள். உள்நாட்டுப் போர் ஓய்ந்து, பிரிந்துபோன 11 தென் மாநிலங்களை ஒன்றியத்தில் திரும்பச் சேர்த்த காலம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஏறத்தாழ 40 லட்சம் பேர் குடிமக்களா, அவர்களுக்கு ஓட்டும் நிலமும் உண்டா என்பதுதான் அன்றைய வழக்கு.

சொல்லின் வேர் லத்தீன்: ‘ஸ்ட்ரூயரே’ என்றால் அடுக்குதல், கட்டுதல். போர் நடக்கும்போதே, 1863 டிசம்பரில் லிங்கன் வெளியிட்ட பொதுமன்னிப்புப் பிரகடனத்தின் தலைப்பில் இது இடம்பெற்றுவிட்டது. அவருக்குப் பின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன் விரும்பிய சொல் வேறு: ‘ரெஸ்டொரேஷன்’. பழையபடி ஆக்குவது. செயலும் அப்படித்தான். விடுதலை பெற்றவர்களுக்குப் போரின் கடைசியில் பிரித்துக் கொடுத்த கடலோர நிலங்களைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார். மிசிசிப்பியில் வந்த புதுச் சட்டப்படி, கையில் வேலைச் சீட்டு இல்லாத கறுப்பினத்தவர் ‘ஊர்சுற்றி’. அபராதம் கட்ட முடியாவிட்டால், அதைக் கட்டுகிறவரிடம் கூலியின்றி உழைத்துக் கழிக்க வேண்டும்.

இதைப் பொறுக்காத காங்கிரஸ் (நம்மூர்க் கட்சியல்ல, அவர்களுடைய நாடாளுமன்றம்) 1867இல் 10 மாநிலங்களை ராணுவத்தின் பொறுப்பில் வைத்தது. அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் அங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை தந்தது. 15ஆம் திருத்தம் இனத்தைக் காட்டி வாக்கை மறுக்கக்கூடாது என்றது. 1870இல் ஹிராம் ரெவல்ஸ் செனட்டில் அமர்ந்தார், முதல் கறுப்பின உறுப்பினராக. தெற்கில் பொதுப்பள்ளிகள் பரவலாக வேர்விட்டதும் இந்த ஆண்டுகளில்தான்.

நிலம் மட்டும் கைமாறவில்லை. எல்லாம் கெட்டது அங்கேதான் என்பது என் எண்ணம். நிலமில்லாதவர் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தருவதாக, உழுதார்கள். விதை, கோவேறு கழுதை, கலப்பை எல்லாம் முதலாளியுடையவை. மளிகை கடையில் கடன். பருத்தி எடைபோடும் நாளில் பாதி வாரமாகப் போகும், மீதி கடன் கணக்கில் கழியும். கணக்கு எழுதுகிறவரும் பெரும்பாலும் முதலாளியே. வயிற்றைப் பிடித்தவன் கையில் ஓட்டு எத்தனை நாள் நிற்கும்? கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளையின வெறிக் கும்பல் ஒருபுறம் அடித்துக் கொன்றது. மாநில ஆட்சிகளைத் திரும்பப் பிடித்த வெள்ளையர் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘ரிடீமர்ஸ்’, அதாவது மீட்பர்கள். 1877இல் எஞ்சிய ராணுவக் காவலும் விலகியது. 1890இல் மிசிசிப்பி, வாக்கு வரியும் எழுத்தறிவுச் சோதனையும் வைத்துக் கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறித்தது.

இனி தமிழ். ‘புனரமைப்பு’ கோயிலுக்கும் குளத்துக்கும் சரி. பாழானதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அது. ‘மறுசீரமைப்பு’ என்றதும் 1956இன் மாநில எல்லைகள் நினைவுக்கு வரும். ‘மீட்டமைப்பு’, ‘மீளமைப்பு’ இரண்டும் ஜான்சன் பக்கம் சாய்கின்றன. மீட்பு என்ற சொல்லையோ எதிராளிகளே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நான் ‘மறுகட்டமைப்பு’ என்பேன். மறுகரை, மறுநாள் என்பவற்றில் ‘மறு’வுக்கு ‘வேறு’ என்ற பொருளும் உண்டு. பழைய சட்டகத்தில் பிறப்பால் வரும் குடியுரிமை எழுதப்பட்டிருக்கவில்லை. வேறொன்றைத்தான் கட்ட முயன்றார்கள்.

எழுதும்போது முதலில் ஒருமுறை ‘அமெரிக்க மறுகட்டமைப்புக் காலம் (1865–1877)’ என்று ஆண்டோடு குறிப்பது நல்லது. ஏனென்றால் 1950, 60களின் குடிமை உரிமைப் போராட்டத்தை ‘இரண்டாம் மறுகட்டமைப்பு’ என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.