43 கையெழுத்துகள்

குமரி மாவட்டத்தின் குழித்துறை நீதிமன்றத்தில் நான் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பாகப்பிரிவினை, வழிப்பாதைத் தகராறு, காசோலை வழக்கு என்று ஓடும் அலுவலகத்துக்கு ஆண்டுக்கு நாலைந்து முறை வேறு வகைக் கோப்பு ஒன்று வரும். ஜெபக்கூட்டத்தை நிறுத்தச் சொல்கிறார்கள், அடக்கம் செய்ய விடமாட்டோம் என்கிறார்கள், சாமி ஊர்வலம் எங்கள் தெரு வழியாகப் போகக்கூடாது என்கிறார்கள். தொகை எதுவும் சம்பந்தப்படாத இந்தக் கோப்புகள்தான் என்னை இரவில் தூங்கவிடாதவை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

களியக்காவிளையை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து, ஓய்வு பெற்ற அங்கன்வாடி ஆசிரியை ஒருவர் மகனோடு வந்தார். ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடி ஜெபிப்பார்கள். ஒலிபெருக்கி கிடையாது. "கட்டாய மதமாற்றம் நடக்கிறது, ஊர் அமைதி கெடுகிறது" என்று அவர்மேல் மனு போயிருந்தது. விசாரணைக்கு அழைத்த அதிகாரி, கூட்டத்தை நிறுத்தி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். மனுவின் கீழே 43 கையெழுத்துகள்.

அந்த நகலை வாங்கி ஆசிரியை என் மேசைமேல் பரப்பி வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரலை ஓட்டினார். பதினொன்றாவது பெயரில் விரல் நின்றது. "இவனுக்கு எழுத்துப் படிப்பித்தது நான்தான், மக்களே. இன்றைக்கும் 'ழ' போட்டால் வாலைச் சுழிக்காமல் விட்டுவிடுகிறான், பாரும்." பார்த்தேன். உண்மையிலேயே சுழிக்கப்படாத 'ழ'. அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. பக்கத்தைத் திருப்பி அடுத்த பெயருக்குப் போனார்.

எதிர்த்தரப்பில் கையெழுத்திட்டவர்களை வழக்கறிஞர் நேரில் போய்ப் பார்ப்பது முறையாகாது. அம்மாவும் மகனுமே வீடு வீடாகப் போனார்கள். தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மனு என்று சொல்லி வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியதாக 29 பேர் சொன்னார்கள். பிறகு வட்டாட்சியர் விசாரணையில் அதையே எழுதியும் கொடுத்தார்கள். தெரிந்தே கையெழுத்திட்ட ஒரு தேநீர்க் கடைக்காரர், போடாவிட்டால் கடைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று மிரட்டியதாகச் சொன்னார். பகையை உண்டாக்க வந்தவர்கள் நாலு பேர். மற்றவர்களிடம் இருந்தது அசட்டையும் பயமும்.

கிறிஸ்தவர்கள் உலகில் எங்கெல்லாம் துன்புறுத்தப்படுகிறார்கள் என்று செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது. பாகிஸ்தானின் ஆசியா பீபி வழக்கு எப்படித் தொடங்கியது தெரியுமா? 2009 ஜூன் மாதம், பஞ்சாபில் ஒரு பழத்தோட்டம். கூலி வேலைக்குப் போன அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்தார். கிறிஸ்தவப் பெண் தொட்ட பாத்திரத்தில் குடிக்கமாட்டோம் என்றார்கள் உடன் வேலை செய்தவர்கள். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையைப் பார்த்த நமக்கு இது புரியாததல்ல. அந்த வாய்ச்சண்டை சில நாட்களில் மதநிந்தனைப் புகாராகி, 2010-இல் மரண தண்டனை ஆனது. அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர் 2011 ஜனவரியில் கொல்லப்பட்டார். அமைச்சர் ஷாபாஸ் பட்டி அதே ஆண்டு மார்ச்சில் கொல்லப்பட்டார். சாட்சியங்கள் முரண்படுகின்றன என்று ஆசியா பீபியைப் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது 2018 அக்டோபர் 31 அன்று. வாதாடிய வழக்கறிஞர் சைஃபுல் மலூக் சில நாட்களிலேயே நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. தொழிலால் அவருக்கு நான் தூரத்து உறவு. நம் நீதிமன்றங்களில் வாதாடிவிட்டு மாலையில் நிம்மதியாக பஸ் ஏறி வீட்டுக்குப் போக முடிகிறதே, அதன் விலை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

2014 ஜூலையில் ஈராக்கின் மோசுல் நகரில் ஐஎஸ் அமைப்பினர் கிறிஸ்தவர்களின் வீட்டுச் சுவர்களில் 'நூன்' என்ற அரபு எழுத்தை எழுதினார்கள். கிறிஸ்தவரைக் குறிக்கும் நஸ்ரானி என்பதன் முதலெழுத்து அது. மதம் மாறு, வரி கட்டு, வெளியேறு, இல்லையென்றால் வாள் என்பதுதான் அவர்கள் விதித்த கெடு. நம் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர்கள் பெருமையோடு தங்களைச் சொல்லிக்கொள்ளும் அதே நஸ்ராணி என்ற சொல், அங்கே வீட்டைக் காலி செய்ய வைக்கும் அடையாளமாகியிருந்தது.

நம் நாட்டிலும் உண்டு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சிறு மகன்களும் ஜீப்போடு எரிக்கப்பட்டார்கள். 2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் ஒரு போதகரின் உடலைச் சொந்த ஊரில் புதைக்க ஊரார் விடவில்லை. உடல் ஏறத்தாழ மூன்று வாரம் பிணவறையில் கிடந்தது. உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் வேறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். கடைசியில் 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கல்லறையில் அடக்கம் செய்ய உத்தரவாயிற்று. புதைக்க ஆறடி இடம் கேட்டு ஒரு மகன் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

நம் மண்ணுக்கும் இது புதிதல்ல. நட்டாலத்தில் பிறந்து கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயரிலிருந்த சாதிப் பட்டத்தை நீக்கியது. எனக்குப் பிடித்த முடிவு அது. மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தில் கிறிஸ்தவப் பெண்களின் மேலாடை சந்தையில் கிழிக்கப்பட்டது. தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1859 ஜூலை 26 பிரகடனம் வரும்வரை அது ஓயவில்லை. மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவர் மோதலின்போது 1982 மார்ச் 1 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த மாதத்தைப் பற்றிப் பேசினால் இரண்டு சமயத்துப் பெரியவர்களும் இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

இதைப் படிக்கும் கிறிஸ்தவ நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் நாம் ஏறக்குறைய 47 விழுக்காடு. சில வார்டுகளில் நாம்தான் பெரும்பான்மை. அங்கே கோயில் ஊர்வலத்துக்கு வழி மறுத்து வரும் மனுவும் என் மேசைக்கு வந்திருக்கிறது. அதை எழுதிய கைகள் நம்முடையவை. பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார் என்பதற்காகச் ஒரு தாய்க்குக் கல்லறை மறுத்த பங்குச் சபையையும் பார்த்திருக்கிறேன். கேரளத்தில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயக் கிறிஸ்தவப் பிரிவினரின் சண்டையில் அடக்கத்துக்கே தடை வந்து, 2020-இல் அரசு தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. துன்புறுத்தப்பட்ட கதையைச் சொல்லும் வாய்க்கு இதையும் சொல்லும் கடமை இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 25-ஆவது உறுப்பு, மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு அது உட்பட்டது. பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதை மறைக்காமல் கட்சிக்காரர்களிடம் சொல்லிவிடுவேன். வீட்டில் உறவும் நட்பும் கூடி ஜெபிப்பது வேறு, கட்டடத்தைப் பொது வழிபாட்டுத் தலமாக்குவது வேறு. இரண்டாவதற்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். அந்த வித்தியாசம் தெரியாமல் வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு.

கோட்டயம் பகுதிப் பள்ளி ஒன்றில் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும் பாடாத மூன்று குழந்தைகள் 1985-இல் வெளியேற்றப்பட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர்கள். 1986-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். நமது மரபும் தத்துவமும் சகிப்பைக் கற்பிக்கின்றன, அரசியலமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்க்கச் செய்ய வேண்டாம் என்று எழுதினார். அந்தத் தீர்ப்பின் நகல் என் அலமாரியில் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

இப்படி ஒரு சிக்கல் வந்தால் முதலில் பயத்தில் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள்மேல் வந்த மனுவின் நகலைக் கேளுங்கள். வழிபாட்டைக் குலைத்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 300-ஆவது பிரிவும், கல்லறையில் அத்துமீறினால் 301-ஆவது பிரிவும் உண்டு. காவல் நிலையத்தில் புகாரை ஏற்கவில்லையென்றால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம், அதன் பிறகு குற்றவியல் நடுவரிடம் போகலாம். அடிதடிக் காட்சியை வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம். அசல் பதிவைத் தொலைபேசியிலேயே பத்திரமாக வைத்திருங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

வழக்கறிஞரிடம் வரும்போது இன்னொரு தாளும் கொண்டுவாருங்கள். உங்களுக்காக நின்று பேசத் தயாராக இருக்கும், உங்கள் சமயத்தைச் சேராத அக்கம்பக்கத்தாரின் பெயர்கள். நான் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.