பத்துமணிப் பூ விதையை மண் போட்டு மூடாதீர்கள்

போன மாசியில் ஓர் அம்மா எங்கள் நர்சரிக்குத் தொட்டியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். மூன்று வாரத்துக்கு முன் பத்துமணிப் பூ விதை வாங்கிப் போனவர். "ஒண்ணுகூட முளைக்கலைங்க. நல்ல விதைதானா இது?" மேல்மண்ணை விரலால் கிளறிப் பார்த்தேன். அவரை விதைக்குப் போடுவதுபோல ஒரு விரல்கடை ஆழத்துக்குக் குழி போட்டு மூடியிருக்கிறார். விதையில் குறையில்லை. அது முளைக்க வெளிச்சம் வேண்டும். அதைத்தான் மண் மறைத்துவிட்டது.

டேபிள் ரோஸ் என்றும் சொல்கிறோமே, அதே செடிதான். பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே பக்கத்து வறண்ட மண்ணில் தானாக வளர்வது. ஒரே பருவத்தில் பூத்து, விதை விட்டு முடிந்துவிடும். விதை கசகசாவைவிடச் சிறியது, இரும்புத்தூள் நிறம். ஒரு கிராமில் ஏறக்குறைய 10,000 விதை இருக்கும். இத்தனை சிறிய விதைக்குள் ஆழத்திலிருந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும் அளவுக்கு உணவு ஏது?

நாங்கள் செய்வது இதுதான். அரை அடி ஆழத் தொட்டி போதும், அடியில் ஓட்டை மட்டும் தாராளமாக இருக்கவேண்டும். செம்மண்ணும் மணலும் சம பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. மூன்றையும் கலந்து சலித்து நிரப்பி, விதைக்கும் முன்பே நன்றாக நனைத்துவிடுவோம். ஒரு சிட்டிகை விதையை இரண்டு கைப்பிடி காய்ந்த மணலோடு கலந்து, கோலப்பொடி தூவுவதுபோல விரலிடுக்கில் விட்டுத் தூவவேண்டும். பிறகு உள்ளங்கையால் லேசாக ஒரு அழுத்து. மேலே மண் வேண்டவே வேண்டாம். பூவாளியால் ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்துக்கு அடித்துப் போய்விடும். அதனால் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிடுங்கள், அல்லது ஸ்பிரேயரால் பனிபோல அடியுங்கள். ஒன்று, இரண்டு வாரத்தில் சிவந்த நூல்போலத் தண்டு தெரியும்.

ஆபத்து அதற்குப் பிறகுதான். ஆசையில் காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறார்கள். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு கறுத்துச் சுருங்கி, ஒரே இரவில் நாற்றெல்லாம் சாய்ந்து கிடக்கும். இது நாற்றழுகல், பூஞ்சையின் வேலை. சாய்ந்த நாற்றை எந்த மருந்தாலும் நிமிர்த்த முடியாது. வரும்முன் காக்கத்தான் முடியும். நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிடுங்கள், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் காட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் விதைக்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான். பொங்கல் கழிந்து விதைத்தால் பங்குனி வெயிலுக்குப் பூ கிடைக்கும்.

வளர்ந்த செடிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மேகமூட்டமான நாளில் பூ விரியாது, அது நோயில்லை. உரம் அதிகமானால் தண்டும் இலையும்தான் கொழுக்கும். விரிந்த பூவின் நடுவே உள்ள மகரந்தக் கேசரங்களை ஒரு துரும்பால் தொட்டுப் பாருங்கள். தொட்ட பக்கம் மெல்லச் சாயும். வீட்டுப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள்.

இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. இந்தச் செடியில் ஆக்சலேட் உண்டு, நாயும் பூனையும் கடித்துத் தின்றால் உடம்புக்கு ஆகாது. அவற்றுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பருப்புக்கீரையின் இனம்தானே, சமைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். நர்சரிச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிப்போம். தயவுசெய்து வாயில் வைக்காதீர்கள்.

அடுத்த வருடத்துக்கு விதை வாங்கத் தேவையில்லை. பூ வாடிய இடத்தில் குட்டிச் செம்புபோல ஒரு காய் இருக்கும். முற்றினால் வைக்கோல் நிறமாகி, மேல்மூடி தொப்பிபோலக் கழன்றுகொள்ளும். கழன்றுவிட்டால் ஒரு காற்று போதும், விதை கொட்டிப்போகும். நிறம் மாறியதுமே காயைக் கிள்ளிக் காகித உறையில் போட்டு, நிழலில் உலர்த்துங்கள். கலப்பின (ஹைபிரிட்) ரகமாக இருந்தால் தாய்ச்செடியின் அதே நிறம் வராது. அடுக்குப் பூவில் விதை குறைவாகவே பிடிக்கும், அதைக் குச்சி ஒடித்து நடுவதே சரி.

அந்த அம்மாவின் தொட்டியில் புது மண் நிரப்பி, என் முன்னாலேயே அவர் கையால் விதைக்கச் சொன்னேன். தூவி முடித்ததும் பழக்கத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளிவிட்டார். பிறகு அவரே கீழே போட்டுவிட்டார்.